நரி முகத்தில் முழித்தவள்

வால் நுனியில் வெள்ளை வேண்டாம் தம்பி. நம் நரிக்கு வால் நுனி கறுப்பு. உங்கள் போனில் இருக்கிற படம் எந்தத் தேசத்து நரியோ, சிவப்பாக, குளிப்பாட்டிப் பவுடர் போட்டு உட்காரவைத்த மாதிரி இருக்கிறது. நம்முடையது காய்ந்த புல் நிறம். முதுகில் மட்டும் கொஞ்சம் கரி தேய்த்தது போல இருக்கும். ஆபீசில் கொடுத்த படம் என்கிறீர்கள். கொடுப்பார்கள். அவர்களில் யார் நரியைப் பக்கத்தில் பார்த்திருக்கிறார்கள்? நான் பார்த்திருக்கிறேன். வருஷம் தவறாமல் பார்த்திருக்கிறேன். அதன் மூச்சு என் முகத்தில் பட்டிருக்கிறது.

நீங்கள் வரையுங்கள். நான் பேசுவது இடைஞ்சல் இல்லையே? என் பெயர் செங்கோடன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மரவள்ளிக் காடு என்னுடையது. இந்தப் பஸ் நிறுத்தத்துச் சுவரில் இன்றைக்கு நரி ஏறுகிறது என்றால், அதற்குப் பாதிக் காரணம் நான். கீழே ‘நமது மாவட்ட விலங்கு, காப்போம்’ என்று எழுதப்போகிறீர்கள். எழுதுங்கள். அதில் என் பெயர் வராது. என் பெயர் கேஸ் கட்டில் இருக்கிறது.

உங்களுக்கு எந்த ஊர்? அப்படியென்றால் எங்கள் வழக்கம் தெரிந்திருக்காது. பொங்கல் கழிந்த மறுநாள் நாங்கள் வலை எடுத்துக்கொண்டு கரட்டுக்குப் போவோம். அதோ, பாறையாகத் தெரிகிறதே, அதுதான் கரடு. ஒரு நரியைப் பிடிப்போம். ஒன்றுதான். பிடித்து, வாயைச் சணலால் கட்டி, மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுவந்து மாலை போடுவோம். ஊரே வரிசையில் நின்று அதன் முகத்தைப் பார்க்கும். கல்யாணமாகாத பெண், கடன்பட்டவன், பரீட்சை எழுதுகிற பிள்ளை, எல்லோரும். நரி முகத்தில் முழித்தால் அந்த வருஷம் காரியம் கைகூடும். அப்புறம் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் அவிழ்த்துவிடுவோம். அடித்ததில்லை. தின்றதில்லை. மற்ற ஊர்களில் கோழி பிடிக்கிறது என்று நரிக்கு விஷம் வைப்பார்கள். எங்கள் ஊரில் வைத்தவனை ஊரைவிட்டு ஒதுக்கியிருக்கிறோம். அப்படியென்றால் இத்தனை காலமும் நரியைக் காப்பாற்றினது யார்? நீங்களே சொல்லுங்கள்.

இதைத்தான் வனத்துறை ரேஞ்சரிடமும் கேட்டேன். அவர் சிரித்தார். பிடிப்பதே குற்றம் என்றார். சில வருஷமாகப் பொங்கலுக்கு ஜீப் வந்து கோயில் முன்னால் நின்றுகொள்ளும். நாங்கள் வலையை மடித்துப் பரணில் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போகிறவர்கள் போல அவர்களைக் கடந்து போவோம். இந்த ஊரில் பிறந்தவனுக்கு அது எவ்வளவு அவமானம் என்று உங்களுக்குப் புரியுமோ என்னவோ.

அந்தச் சமயத்தில்தான் மாவட்டத்துக்கு ஒரு விலங்கைத் தேர்ந்தெடுக்கப்போகிறோம், ஜனங்களே ஓட்டுப் போடலாம் என்று அறிவித்தார்கள். பட்டியலில் கடமான், தேவாங்கு, எறும்புதின்னி, நரி. எனக்கு இதைச் சொன்னது என் மகள். மோகனப்பிரியா. ஒரே பெண். காலேஜில் விலங்கியல் படித்துவிட்டு வனக்காப்பாளர் வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தாள். வெயிலில் பல மைல் நடந்து காட்டவேண்டும் அந்த வேலைக்கு. நடந்து காட்டி, கால் கொப்பளித்து வந்தாள். “அப்பா, நம்ம நரியை ஜெயிக்க வெக்கணும்” என்றாள். எனக்கு உடனே ஒரு யோசனை ஓடியது. நரியை மாவட்டத்துக்கே பெரியது என்று அரசாங்கம் சொல்லிவிட்டால், அதைக் கொண்டாடுகிறவனை எப்படிப் பிடிப்பார்கள்? அனுமதி கொடுத்துத்தானே ஆகவேண்டும்? ஜீப்பில் வந்தவர்களே முதல் வரிசையில் நின்று முகம் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் வேறு மாதிரி நினைத்திருக்கிறாள். “இது ஜெயிச்சா, அப்புறம் பிடிக்கறதை விட்டுடணும்ப்பா” என்று ஒருநாள் சோறு போடும்போது சொன்னாள். பார்த்துக்கலாம் என்றேன். பார்த்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம்? பார்த்துக்கலாம் என்றுதான் அர்த்தம். நான் ஒத்துக்கொண்டதாக அவள் எடுத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்வது.

ஓட்டு போனில்தான் போடவேண்டும். எங்கள் ஜனங்களுக்குப் போன் இருக்கிறது, போடத் தெரியாது. நான் ரேஷன் கடை வரிசையில் போய் நின்றேன். ஒவ்வொருவரிடமும் போனை வாங்கி மோகனாவிடம் கொடுப்பேன், அவள் நரியைத் தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். பக்கத்து ஊர்ப் பெரியண்ணன் கடமானுக்கு நின்றான். எனக்கு மருமகன் முறை. சந்தையில் எல்லோர் முன்னாலும், “மாமா, மாவட்டத்துக்குன்னு ஒரு மரியாதை வேணாமா, நாளைக்கு வெளியூர்க்காரன் நம்ம எல்லாத்தையும் நரின்னு கூப்பிடுவான்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். “உங்க ஊர்ல மானே கிடையாதேடா, எதை வெச்சு ஓட்டுக் கேக்கற” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் முதலில் சிரித்த சிரிப்பு அளவுக்கு இல்லை.

நரி ஜெயித்தது. எங்கள் ஊரில்தான் விழா என்றார்கள். கலெக்டரே வந்து பலகை திறப்பார் என்றார்கள். இந்தப் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில்தான் பந்தல். எனக்குக் கால் தரையில் படவில்லை.

நீங்கள் கண்ணைப் பெரிதாகப் போடுகிறீர்கள். போடுங்கள், போடுங்கள். அது பயந்த கண்தான்.

விழாவுக்கு முந்தின வாரம் கோயிலில் உட்கார்ந்து பேசினோம். பேனர் இருக்கிறது, மேளம் சொல்லியாயிற்று, சால்வை வாங்கியாயிற்று. மாவட்ட விலங்குக்கு விழா, விலங்கு எங்கே? பெண் இல்லாமல் கல்யாணமா? நான்தான் சொன்னேன், ஒன்றைப் பிடித்து மாலை போட்டு மேடைக்குக் கொண்டுவருவோம், கலெக்டர் முகம் பார்க்கட்டும், அவர் கையாலேயே அவிழ்த்துவிடட்டும் என்று. எல்லோருக்கும் பிடித்தது. ஒரு சங்கடம், அது பங்குனி மாசம். நாங்கள் தையில்தான் பிடிப்போம். தை தாண்டினால் வலையைத் தொடக்கூடாது, குட்டி போடுகிற காலம். அது எங்கள் பெரியவர்கள் வைத்தது, சர்க்கார் வைத்தது இல்லை. அதனால் அம்மனிடமே கேட்டுவிடுவோம் என்று பூப் போட்டுப் பார்த்தோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் உத்தரவு. முதலில் சிவப்பு வந்தது. ஆனால் எடுத்துக் கொடுத்த குழந்தைக்கு ஜலதோஷம், பொட்டலத்தின்மேல் தும்மிவிட்டது. அதைக் கணக்கில் எடுக்கமுடியாது. மறுபடி போட்டதில் வெள்ளை வந்தது. அம்மனே கொடுத்தது. அதற்கு மேல் நான் யார்?

மோகனாவிடம் சொல்லவில்லை. ஒளிக்கவில்லை, சொல்லவில்லை. அவளுக்கு விழா அன்றைக்கே மத்தியானத்துக்கு மேல் மெட்ராஸில் கலந்தாய்வு. காலை பஸ்ஸைப் பிடித்துச் சேலம் போய் அங்கிருந்து ரயில். பரீட்சை பாஸ், நடை பாஸ், இனி சர்டிபிகேட்டைப் பார்த்து ஆணை கொடுக்கவேண்டியதுதான் பாக்கி. அதிலும் எத்தனையோ பேர் தவறிப்போகிறார்கள். எனக்குள் ஒரு ஆசை. கலெக்டர் சாயங்காலம் பார்க்கட்டும். அதற்கு முன்னால் என் பெண் பார்க்கட்டும். உள்ளதைச் சொல்கிறேன் தம்பி, மேடை, சால்வை எல்லாம் அப்புறம். நான் அந்த நரியைப் பிடித்தது என் பெண்ணுக்காக.

அதிகாலையில் நானும் இரண்டு பங்காளிகளும் போய்ப் பிடித்துவந்தோம். வலைக்குள் வந்ததும் அது தையில் துள்ளுகிற மாதிரி துள்ளவில்லை. திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தது. வாயைக் கட்டி மாட்டுக்கொட்டகையில் வைத்தோம். விடிந்ததும் போய் மோகனாவை எழுப்பினேன். “பாப்பா, கண்ணைத் தொறக்காத, எங்கூட வா” என்றேன். சின்ன வயதில் அப்படித்தான் கோயிலுக்குக் கூட்டிப்போவேன், என் உள்ளங்கையால் அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு. சிரித்துக்கொண்டே வந்தாள். “என்னப்பா, புதுச் செருப்பா” என்று கேட்டாள். கொட்டகை வாசலில் நிறுத்திக் கையை எடுத்தேன்.

பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். அதுதான் எனக்கு வேண்டும், முதல் பார்வையே அதன் முகத்தில் விழுந்தது. அப்புறம் அவள் குனிந்து அதன் வயிற்றைப் பார்த்தாள்.

“அப்பா, இது பால் குடுக்கறது.”

“இருக்கட்டும். சாயங்காலம் விட்டுடுவோம்.”

“குட்டி எங்க இருக்கு?”

“நீ கெளம்பு. பஸ் வந்துடும்.”

“இப்ப விடுப்பா. இப்ப கொண்டுபோய் விடு.”

“கலெக்டர் வர்றாரு பாப்பா.”

அவள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ரயில் நேரம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். என் மனைவி பழனியம்மாள் இட்லி எடுத்துவைத்தாள், மோகனா உட்காரவில்லை. பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, போய்விட்டது. வாசலிலேயே நின்றாள். அப்புறம் ஜீப் வந்தது. ரேஞ்சர் நேராகக் கொட்டகைக்குப் போனார். யாரும் வழி சொல்லவில்லை, நேராகப் போனார்.

இப்போது சொல்லுங்கள், இது பெரியண்ணன் வேலையா இல்லையா? மான் தோற்ற வயிற்றெரிச்சல். எங்கள் ஊரில் எவனையோ கையில் போட்டுக்கொண்டு வேவு பார்த்திருக்கிறான். நான் சந்தையில் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். அவன் கையை எடுத்துவிட்டு, “மாமா, எங்கிட்ட ரேஞ்சர் நம்பரே கெடையாது. யார்கிட்ட இருக்குன்னு வீட்டுல போய்க் கேளு” என்றான். பேச்சைப் பாருங்கள். என் வீட்டில் எனக்கு எதிராக யார் இருக்கிறார்கள்?

மோகனா அன்றைக்கே ரேஞ்சர் முன்னால் “நான்தான் சார் போன் பண்ணேன்” என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் சும்மா இருடி என்றேன். ஊருக்கும் ஊருக்கும் வெட்டுக்குத்து வரக்கூடாதென்று தன்மேல் போட்டுக்கொள்கிறாள். அவள் சுபாவம் அது. வாக்குமூலத்திலும் அப்படியே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாளாம். வக்கீல் சொன்னார். வக்கீல் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு சொன்னார். நான் நம்பவில்லை. பெற்ற பெண்ணை எனக்குத் தெரியாதா?

நரியா? செத்துப்போயிற்று. ஜீப்பில் ஏற்றி வாயை அவிழ்த்தார்கள், எழுந்திருக்கவில்லை. கால்நடை டாக்டர் பயத்தில் போய்விட்டது என்று எழுதினார். பால் கட்டியிருந்தது என்றும் எழுதினார். அதை எழுதவேண்டிய அவசியம் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒன்று செத்ததில்லை தம்பி. ஒன்றுகூட இல்லை. அவிழ்த்துவிட்டால் ஓடும், ஓடிப்போய் நின்று ஒருமுறை திரும்பிப் பார்க்கும். செத்தது இந்த ஒன்று. இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் மோகனா என்னோடு பேசாமல் இருப்பது நான் நரியைப் பிடித்ததற்காக இல்லையாம். பழனியம்மாள் சொல்கிறாள். செத்ததற்காகக்கூட இல்லையாம், நான் சொன்ன ஒரு வார்த்தைக்காகவாம்.

அது நடந்தது இப்படி. ஜீப்பில் என்னை ஏற்றுவதற்கு முன்னால் மோகனா என்னிடம் வந்தாள். ரேஞ்சர் பக்கத்தில் இருந்தார், இரண்டு வனக்காவலர்கள் இருந்தார்கள், ஊர் மொத்தமும் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா, எந்த எடத்துல பிடிச்ச? அதை மட்டும் சொல்லு. குட்டிங்க இன்னும் உசுரோட இருக்கும். நாங்க போய் எடுத்துக்கறோம்” என்றாள்.

வார்டு மெம்பர் எனக்குப் பின்னால் நின்றார். சற்றுமுன்தான் காதில் சொல்லியிருந்தார், இடத்தைச் சொன்னால் பிடித்ததை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும், வலையில் தானாக விழுந்து கிடந்தது, தூக்கிவந்தேன், வேறு ஒன்றும் தெரியாது என்று நில் என்று. பங்காளிகள் இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. நான் என்ன சொல்வேன்? தெரியாது என்றேன்.

“தெரியாதா?” என்றாள்.

“தெரியாது.”

கையை விட்டுவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. கேஸ் என்று வந்தால் எவனும் சொல்வது அதுதான். இதை ஒரு பெரிய பொய் என்று சொல்லமுடியுமா?

அவள் கரட்டில் தேடினாள். பஸ்ஸும் போய்விட்டது, ரயிலும் போய்விட்டது, மெட்ராஸில் வேலை கொடுக்க உட்கார்ந்திருக்கிறார்கள், இவள் வனக்காவலர்களோடு ஒவ்வொரு பாறையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். கிழக்குப் பக்கமாகவே தேடியிருக்கிறார்கள். சாயங்காலம் பந்தலில் விழா நடந்தது. கலெக்டர் வந்து பலகையைத் திறந்தார், மேளம் அடித்தார்கள், ஜிலேபி கொடுத்தார்கள். நான் ரேஞ்ச் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இருட்டுகிற நேரத்தில் ரேஞ்சரே அவளைச் சமாதானப்படுத்தி, ஜீப்பிலேயே சேலம் ரயிலடிக்கு அனுப்பினார். மறுநாள் போய் நின்றவளுக்கு, தாமதத்துக்குக் காரணம் கேட்டுவிட்டு ஆணையைக் கொடுத்துவிட்டார்கள்.

பார்த்தீர்களா? பஸ் போய், ரயில் போய், ஒருநாள் தாமதமாகப் போனவளுக்கு வேலை கிடைக்கிறது. ஜீப்பில் அனுப்பிவைக்கிறார்கள். எதனால்? அன்றைக்குக் காலையில் யார் முகத்தில் முழித்தாள்? இதை நான் போனில் அவளிடம் சொன்னேன். அவளிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான். போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் எடுப்பதில்லை. அம்மாவிடம் மட்டும் பேசுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவள் குரல் கேட்கும், சாப்பிட்டியா மா என்று கேட்பாள். அப்பா எப்படி இருக்கார் என்று கேட்கமாட்டாள். மாடு எப்படி இருக்கு என்று கேட்பாள்.

காக்கி உடுப்பில் ஒரு போட்டோ அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். தொப்பி கொஞ்சம் பெரிது. சொல்ல ஆளில்லை.

தீபாவளிக்கு வரவில்லை. இப்போது பொங்கல் வருகிறது. பழனியம்மாள் அவள் கட்டிலைத் துடைத்து வைத்திருக்கிறாள். பொங்கலுக்கும் வராவிட்டால் அப்புறம் வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவும் சொல்கிறேன். நீங்கள் வரைந்து முடித்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டவேண்டிய ரேஞ்ச் ஆபீஸ், மலைக்கு அந்தப் பக்கம் இருப்பதுதானே? அவள் அங்கேதான் இருக்கிறாள். சட்டையில் பெயர் குத்தியிருக்கும்.

அவளிடம் ஒன்று சொல்லவேண்டும். அப்பா கோபமாக இல்லை என்று சொல்லுங்கள். வேண்டாம், அது வேண்டாம். கோபப்படவேண்டியவர் அவரா என்று கேட்பாள், உங்களால் பதில் சொல்லமுடியாது. இனிமேல் ஊரில் நரி பிடிக்கமாட்டார்கள் என்று சொல்லலாம். அதை நான் எப்படிச் சொல்வது, நான் ஒருவன் மட்டுமா ஊர்? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால் உடனே வருவாள். வந்து பார்த்தால் பழனியம்மாள் கல்லுக்குண்டு மாதிரி இருப்பாள். அதுவும் வேண்டாம்.

ஒன்று செய்யுங்கள். நான் அதெல்லாம் நடந்து சில நாள் கழித்து நரியைப் பிடித்த பக்கம் போனேன், மாட்டைத் தேடிக்கொண்டு. மாடு அவ்வளவு தூரம் போகாது. இருந்தாலும் போனேன். உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டுப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. வேறு நரி வந்து குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். அப்படிச் செய்யும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இதைச் சொல்லவேண்டாம்.

இதை மட்டும் சொல்லுங்கள். கரட்டுக்கு மேற்குப் பக்கம் ஒரு பழைய கல்குழி இருக்கிறது. அதில் இறங்காமல் இடது கைப் பக்கமே போனால் இரண்டு பாறை ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். நடுவில் ஆவாரஞ்செடி. செடியை விலக்கினால் வளை. வாய் சின்னதுதான், கையை விட்டால் உள்ளே அகலமாக இருக்கும். அவள் ஒரு கேள்வி கேட்டாள், அப்பா பதில் சொல்லிவிட்டார் என்று சொல்லுங்கள். கேட்டது இடம்தானே? சொல்லியாயிற்று. இனி வருவதற்கு என்ன?

ஆனால் ரேஞ்சர் பக்கத்தில் இருக்கும்போது சொல்லிவிடாதீர்கள் தம்பி. கேஸ் இன்னும் முடியவில்லை.